சிப்பாங் வளைவுகளில் ஆயில் பிரஷர் விழாமலிருக்க: பேஃபிளா, அக்யூசம்பா, டிரை சம்பா?

மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். அதன் 15 வளைவுகளில் 10 வலப்பக்கம் திரும்புபவை. கார் வலப்பக்கம் திரும்பும்போது சம்ப்பில், அதாவது என்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் பாத்திரத்தில், ஆயில் இடப்பக்கச் சுவரில் ஏறும். அந்த நேரத்தில் பம்ப்புக்காக ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் வாய் ஆயிலுக்கு வெளியே தெரிந்தால் பம்ப் ஆயிலை விட்டுவிட்டுக் காற்றை உறிஞ்சும். ஆயில் ஸ்டார்வேஷன் என்று சொல்வது இதைத்தான். 7,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு நொடிக்கு 116 முறைக்கு மேல் சுற்றுகிறது. பிரஷர் இல்லாமல் ஒரே ஒரு நொடி போனாலும் அத்தனை சுற்றும் ஆயில் படலம் இல்லாமல் போகிறது. முதலில் அடிவாங்குவது கனெக்டிங் ராட் பேரிங். கிராங்க்கின் உள்ளே துளைத்த வழியாக, மெயின் பேரிங்கைத் தாண்டித்தான் அதற்கு ஆயில் வந்து சேரும்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது கூடுதல் தலைவலி. நம் ஊரில் சொந்தக் காரை எடுத்துப்போய் ஓட்ட நிரந்தரத் தடம் கிடையாது. சிப்பாங்கில் ராட் உடைந்தால் 300 கிலோமீட்டருக்கு மேல் இழுவை வண்டியில் வந்து சோதனைச்சாவடியையும் கடக்க வேண்டும். பிளாக் உடைந்து வேறு என்ஜின் போட்டால் என்ஜின் எண் மாறிவிடும். அதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். காரை வைத்திருக்க உரிமை தரும் சிஓஇயின் மீதமுள்ள காலமோ யாருக்காகவும் நிற்காமல் கரைந்துகொண்டிருக்கும். ஆகவே எந்தத் தீர்வுக்குக் காசு போடுவது என்பதைக் கணக்கோடு முடிவு செய்ய வேண்டும்.

முதல் கணக்கு சாய்வு. பக்கவாட்டு விசை 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமம்) ஆனால் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாயும். தடத்துக்கென்றே பிடிப்பு அதிகமாகச் செய்த நல்ல செமி ஸ்லிக் டயரில் 1.2 ஜி கிடைத்தால் சாய்வு 50 டிகிரி. 30 செ.மீ. அகலமுள்ள சம்ப்பில் 1.2 ஜி வந்தால் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 36 செ.மீ. உயர வித்தியாசம் வேண்டும். அவ்வளவு ஆழம் எந்தச் சம்ப்பிலும் இல்லை. எனவே ஆயில் சுவரேறி, கிராங்க் சுழலும் இடத்துக்குள்ளேயே போய்விடுகிறது.

இரண்டாவது கணக்கு நேரம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் 1.2 ஜி பிடித்துத் திரும்பினால் வளைவின் ஆரம் சுமார் 168 மீட்டர். அப்படி 90 டிகிரி திரும்பி முடிக்க ஏறத்தாழ 6 நொடி ஆகும். நகரத் தெருவில் போட்ட தடத்தின் குறுகிய 90 டிகிரி மூலைகள் இரண்டு நொடியில் முடிந்துவிடும். சிப்பாங்கின் 3-ஆம் வளைவும், வேகமாக இடமும் வலமும் மாறும் 5, 6-ஆம் வளைவுகளும் அப்படியல்ல. 13, 14-ஆம் வளைவுகளில் பிரேக் பிடித்துக்கொண்டே வலப்பக்கம் திரும்ப வேண்டியிருப்பதால் ஆயில் முன்பக்க இடமூலைக்கு ஓடும். உங்கள் சம்ப்பில் பிக்கப் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்தால், எந்த வளைவுக்குப் பயப்பட வேண்டும் என்பது காரை ஓட்டாமலேயே பாதி தெரிந்துவிடும்.

சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் பாக்ஸர் என்ஜின் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றில் நீண்ட வலது வளைவில் ஆயில் இடப்பக்கச் சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒதுங்கி, வளைவு முடியும்வரை சம்ப்புக்குத் திரும்பாது. சம்ப்புக்குள் எவ்வளவு நல்ல தடுப்பு போட்டாலும், அங்கே ஆயிலே இல்லாவிட்டால் தடுப்பு எதைப் பிடித்துவைக்கும்?

முதலில் அளந்து பாருங்கள்

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பாதீர்கள். அதன் சுவிட்ச் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கினால்தான் எரியும். 7,000 ஆர்பிஎம்மில் 0.5 பார் என்றால் பேரிங் ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். வேண்டியது 0 முதல் 10 பார் வரை அளக்கும் சென்சார், பேரிங்குகளுக்கு ஆயில் பிரிந்து போகும் மெயின் கேலரியில், அதாவது ஃபில்டருக்குப் பிந்திய இடத்தில். ஜப்பானியக் கார்களின் பிளாக்கில் இருக்கும் மரை பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி. கடையில் கிடைக்கும் சென்சார்களில் பல 1/8 என்பிடி. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டு மூன்று சுற்று ஏறவும் ஏறும், பிறகு கசியும் அல்லது அலுமினியத்தைப் பிளந்துவிடும். அடாப்டர் வாங்கிப் போடுங்கள்.

பிரஷரை நொடிக்கு 20 முறையாவது பதிவு செய்யும் லாகர் வேண்டும். அதே பதிவில் ஆர்பிஎம், பக்கவாட்டு ஜி, நீளவாட்டு ஜி, ஆயில் சூடு ஆகியவையும் இருக்கட்டும். ஊசி ஆடும் மீட்டரை வளைவின் நடுவில் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது, அப்போது கண் இருக்க வேண்டிய இடம் வேறு. 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. பம்ப்பின் அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் புதிய என்ஜின்களுக்கு அது சரிவராது. நேர்சாலையில், ஆயில் நன்றாகச் சூடான பிறகு, ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் உங்கள் என்ஜின் என்ன பிரஷர் காட்டுகிறது என்பதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் அதே ஆர்பிஎம்மில் எவ்வளவு குறைகிறது, எத்தனை நொடி குறைகிறது என்ற இரண்டு எண்களும்தான் வாங்க வேண்டியதைச் சொல்லும்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

சமதளத்தில் காரை நிறுத்தி, சூடான என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டில் இருக்க வேண்டும். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர் இருக்கும். 4.5 லிட்டர் மட்டுமே பிடிக்கும் என்ஜினில் அது பெரிய பங்கு. பாதி அளவு போதுமென்று தடத்தில் இறங்குவது, வேறு எந்தக் குறையும் இல்லாத காரையும் கெடுத்துவிடும். மேல்கோட்டுக்கு மேலே 0.3 முதல் 0.5 லிட்டர் கூடுதலாக ஊற்றும் பழக்கமும் உண்டு. அது உதவுகிறது. ஆனால் அளவு மீறினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், கிராங்க் அறையின் காற்றை வெளியேற்றும் பிசிவி குழாய் வழியாக ஆயில் இன்டேக்குக்குள் போகும். அந்த ஆயிலைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கேன் நிறைந்திருந்தால் அந்த ஆயில் சம்ப்பிலிருந்து போனது என்பதையும் மறக்காதீர்கள்.

நீண்ட வளைவில் ஒரு கியர் மேலே போட்டு ஓட்டுவதும் பலன் தரும். ராட் பேரிங்கின் மேல் விழும் சுழற்சிச் சுமை ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 7,400-க்குப் பதில் 6,500-இல் போனால் அந்தச் சுமை 23 விழுக்காடு குறையும். ஹெட்டில் மேலே தேங்கும் ஆயிலும் குறையும். மழை பெய்தால் பிடிப்பு குறைந்து ஜி இறங்குவதால் இந்த ஆபத்தும் சேர்ந்து இறங்கும். அதனால் ஈரத்தடத்தில் பிரஷர் சரியாக இருந்தது என்ற பதிவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டயரும் அப்படித்தான். சாலை டயரிலிருந்து செமி ஸ்லிக்குக்கு மாறிய நாளிலேயே உங்கள் சம்ப்பின் கணக்கும் மாறிவிட்டது.

பேஃபிள் சம்ப்

பிக்கப்பைச் சுற்றி ஒரு பெட்டி, அதன் சுவர்களில் உள்நோக்கி மட்டும் திறக்கும் சிறு கதவுகள். ஆயில் உள்ளே வரலாம், வளைவில் வெளியே ஓட முயன்றால் கதவு சாத்திக்கொள்ளும். நகரும் பாகம் அந்தக் கதவுகள் மட்டும்தான், வயரிங் இல்லை, ஓட்டுநர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதும் எதுவுமில்லை. அதனால்தான் ஆயிலைச் சம்ப்பிலேயே தேக்கிவைத்து தடத்தில் ஓடும் எந்த வெட் சம்ப் காருக்கும் இதுவே முதல் செலவாக இருக்க வேண்டும் என்கிறோம். போல்ட் போட்டு மாட்டும் பேஃபிள் தட்டு, சம்ப்பையே இருபுறமும் இறக்கை வைத்து அகலமாக்கிய வடிவம் என்று இரண்டு வகை உண்டு. இரண்டாவது வகை கூடுதலாக ஒரு லிட்டரோ அதற்கு மேலோ பிடிக்கும். கீழ்நோக்கி ஆழமாக்கிய சம்ப் வேண்டாம். தாழ்த்திய காரில் பல மாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவும், பேட்டைச் சாலையின் ஹம்ப்பும் அதை ஒரே மாதத்தில் தட்டிவிடும்.

மாட்டுவதில்தான் தவறு நடக்கிறது. பிக்கப் வாய்க்கும் சம்ப்பின் தரைக்கும் இடையே 6 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். அதைவிடக் குறைந்தால் பம்ப்புக்குப் போதிய ஆயில் வராது. கூடினால் ஆயில் சற்று விலகியதுமே காற்று புகும். பிக்கப் வாயில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, சம்ப்பைப் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்தால் தெரிந்துவிடும். பிறகு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, தட்டில் எதுவும் உரசுகிறதா என்று கேளுங்கள். அலுமினியச் சம்ப்பில் வெல்டிங் செய்தால் விளிம்பு வளையும். வெல்டிங் முடியும்வரை அதைத் தடித்த தட்டில் போல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பிடம் மட்டுமே கொடுங்கள். காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ கேட்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

சிலிகான் பசையை அள்ளிப் பூசக் கூடாது. 3 மி.மீ. கோடு போதும். உள்ளே பிதுங்கும் பசை உதிர்ந்து நேரே பிக்கப் சல்லடையில் போய் அடைக்கும். ஆயில் பஞ்சத்தைத் தீர்க்கப்போய் நாமே அதை உண்டாக்கிய கதையாகிவிடும். பசை உலர ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு ஆயில் ஊற்றுங்கள்.

பேஃபிளின் எல்லை எது? பெட்டிக்குள் இருக்கும் ஆயில் தீர்ந்தால் அதுவும் முடிந்தது. ஒரு லிட்டர் ஆயிலைப் பிடித்துவைத்திருக்கும் பெட்டியிலிருந்து பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுத்தால், வெளியிலிருந்து எதுவும் வராத நிலையில் இரண்டு நொடிக்குத்தான் தாங்கும். 6 நொடி வளைவில் மீதி நான்கு நொடிக்கும் ஹெட்டிலிருந்து திரும்பி வரும் ஆயில்தான் துணை.

அக்யூசம்ப்

இது ஓர் உருளை. நடுவே பிஸ்டன், ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் ஆயில். பிரஷர் நன்றாக இருக்கும்போது ஆயில் உள்ளே ஏறிக் காற்றை அழுத்தும். பிரஷர் விழுந்தால் அந்தக் காற்று ஆயிலைத் திருப்பிக் கேலரிக்குள் தள்ளும். எவ்வளவு நேரத்துக்குத் தள்ளும் என்பதை விற்பவர் சொல்லும் லிட்டர் கணக்கில் பார்க்கக் கூடாது.

மொத்தக் கொள்ளளவு 2 லிட்டர், ஆயில் இல்லாதபோது காற்றழுத்தம் மீட்டரில் 0.5 பார் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் 5 பார் கொடுக்கும்போது (வளிமண்டலத்தின் 1 பாரையும் சேர்த்தால் 1.5 பார் 6 பார் ஆவதால்) காற்று நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி 0.5 லிட்டர் ஆகும், ஆயில் 1.5 லிட்டர் ஏறியிருக்கும். பிரஷர் 2 பாருக்கு இறங்கும்போது காற்று 1 லிட்டர் ஆகிறது. ஆக 5 பாரிலிருந்து 2 பார் வரை உங்களுக்குக் கிடைத்தது அரை லிட்டர். நிமிடத்துக்கு 30 லிட்டர் தேவைப்படும் என்ஜினுக்கு அது ஒரு நொடி. அடுத்த அரை லிட்டர் வரும்போது பிரஷர் 1 பாருக்கே போய்விடும். காற்று வேகமாக விரியும்போது குளிர்வதால் உண்மையில் கிடைப்பது இதைவிடச் சற்றுக் குறைவு.

அந்த ஒரு நொடியை அற்பமாக நினைக்க வேண்டாம். பல கார்களில் பிரஷர் விழுவதே அரை நொடி, முக்கால் நொடிதான். அந்த இடைவெளியை அக்யூசம்ப் அப்படியே மூடிவிடும். ஆனால் பேஃபிள் இல்லாத சம்ப்பில் மூன்று நொடி விழும் பிரஷரை இதால் தாங்க முடியாது. பேஃபிளுக்குப் பதிலாக இதை வாங்குவது தவறு, பேஃபிளுக்குப் பிறகு வாங்குவது சரி.

வால்வைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மின்சார அழுத்த வால்வுகள் 20–25, 35–40, 55–60 பிஎஸ்ஐ என்ற அளவுகளில் கிடைக்கின்றன. குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே போனதும் அவை திறந்து ஆயிலை விடும். சூடான என்ஜின் ஐடிலில் 15 பிஎஸ்ஐ அளவில்தான் காட்டும். அப்படியானால் பிட்டுக்குள் வந்து ஐடிலில் நின்றதுமே வால்வு திறந்து, உருளையில் இருந்த ஆயில் முழுவதும் சம்ப்பில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பவர் ஆயில் அதிகம் என்று எண்ணி ஒரு லிட்டரை இறக்கிவிட்டால், அடுத்த முறை உருளை நிரம்பும்போது சம்ப் காலியாகும். பிட் நுழைவில், ஆர்பிஎம் இறங்குவதற்கு முன் சுவிட்சை அணைக்கும் பழக்கம் வேண்டும். டிப்ஸ்டிக்கை எப்போதும் உருளை நிரம்பிய ஒரே நிலையில் மட்டும் பாருங்கள்.

இந்த வால்வுகள் மெதுவாக நிரப்பும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன, இல்லையென்றால் நிரம்பும்போதே பிரஷரைக் கெடுக்கும். அதனால் 5-ஆம் வளைவில் காலியான உருளை, உடனே வரும் 6-ஆம் வளைவுக்குள் முழுதாக நிரம்பியிருக்காது. லாகில் அடுத்தடுத்த இரண்டு வளைவிலும் பள்ளம் தெரிந்தால், இரண்டாவது பள்ளத்தைத்தான் ஆழமாகப் பாருங்கள்.

பம்ப்புக்கும் அக்யூசம்ப் இணையும் இடத்துக்கும் நடுவே ஒருவழி வால்வு கட்டாயம். இல்லையென்றால் ஆயில் பேரிங்குக்குப் போகாமல் பம்ப் வழியாகத் திரும்பிச் சம்ப்பில் இறங்கும். குழாய் ஏஎன்-10 அளவில், முடிந்தவரை குட்டையாக. உருளையை என்ஜின் அறையில் பொருத்த முடிந்தால் அதுவே நல்லது. பயணி காலடியில் வைத்தால் 100 டிகிரிக்கு மேல் சூடான, அழுத்தத்திலிருக்கும் ஆயில் கேபினுக்குள் வருகிறது. அதற்கு எஃகு வலைக் குழாயும், என்ஜின் அறைக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள சுவரில் முறையான இணைப்பும் வேண்டும்.

டிரை சம்ப்

போர்ஷ 911 ஜிடி3, பெராரி 458, இரண்டாம் தலைமுறை ஹோண்டா என்எஸ்எக்ஸ் போன்றவற்றில் தொழிற்சாலையிலேயே இது இருக்கிறது. சம்ப்பில் ஆயிலைத் தேக்கிவைக்காமல், மூன்று நான்கு உறிஞ்சும் பம்ப்புகள் வெவ்வேறு மூலையிலிருந்து இழுத்து, உயரமான தனித் தொட்டிக்கு அனுப்புகின்றன. உறிஞ்சப்படுவது ஆயிலும் காற்றும் கலந்த நுரை. அது தொட்டியில் சுழன்று இறங்கும்போது காற்று பிரியும். ஒல்லியான, உயரமான தொட்டியில் ஆயில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடியில் இருக்கும் வாய் மூடியே இருக்கும். ஸ்லிக் டயர், பெரிய இறக்கை, 1.5 ஜிக்கு மேல் என்று போனால் வேறு வழியே இல்லை.

சாலைக் காரில் இதைப் பிறகு வாங்கி மாட்டுவது வேறு விஷயம். பாகங்களே பல ஆயிரம் வெள்ளி, வேலைக்கூலி தனி. 8 முதல் 10 லிட்டர் ஆயில், தொட்டிக்கு இடம், தடித்த குழாய்கள், ஒவ்வொன்றும் கசியக்கூடிய இணைப்புகள். வெளியில் ஓடும் பெல்ட் கழன்றால் பிரஷர் மெதுவாக விழாது, ஒரேயடியாகப் பூஜ்யமாகும். பிரஷர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும்படி இசியுவை, அதாவது என்ஜினின் கணினியை, அமைக்காமல் டிரை சம்ப் காரைத் தடத்தில் இறக்கவே கூடாது. முதல் முறை ஓட்டும்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டரால் சுற்றி, பிரஷர் வந்த பிறகே என்ஜினை எழுப்ப வேண்டும். அளவைப் பார்ப்பதும் என்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான்.

கூலரும் கெட்டி ஆயிலும் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். இரண்டும் நல்லவை, ஆனால் காற்றை உறிஞ்சும் பம்ப்பை அவை தடுக்காது. 20 கிரேடு ஆயிலுக்கு அதிக வெப்பத்தில் இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பிசுபிசுப்பு 2.6 மில்லிபாஸ்கல்-நொடி, 5டபிள்யூ-40-க்கு 3.5. அந்த வித்தியாசம் படலம் உடையும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஆயில் 130 டிகிரியைத் தொட்டால் பிட்டுக்கு வந்துவிடுங்கள். நம் பகுதி வெயிலில் அதற்கு ஐந்தாறு சுற்றே போதும்.

எந்தக் காருக்கு எது

லாகில் பள்ளம் அரை நொடிக்குக் குறைவு, பிரஷரும் நேர்சாலை அளவில் பாதிக்குக் கீழே போகவில்லை என்றால் பேஃபிளும் சரியான ஆயில் அளவும் போதும். பேஃபிள் போட்ட பிறகும் அரை நொடி முதல் ஒன்றரை நொடி வரை விழுந்தால் அக்யூசம்ப். அதற்கு மேல் என்றால் அகலமான சம்ப், இல்லாவிட்டால் டயரைச் சாலை டயருக்கே திருப்புவது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை சிப்பாங் போகும் சாலைக் காருக்கு டிரை சம்ப் போடச் சொல்ல மாட்டோம்.

சிஓஇயையும் இதில் சேர்த்துப் பாருங்கள். பேஃபிள் தட்டு அந்த என்ஜினுக்கு மட்டுமே பொருந்தும், ஆனால் செலவு சிறியது. அக்யூசம்ப் எந்த என்ஜினுக்கும் சொந்தமில்லை. இரண்டு ஆண்டு மட்டுமே மீதமுள்ள காரில் போட்டாலும் கழற்றி அடுத்த காரில் மாட்டலாம், மாற வேண்டியது அடாப்டரும் குழாயும் மட்டும். டிரை சம்ப்பில் பம்ப்பைத் தாங்கும் பிராக்கெட்டும் சம்ப்பும் காரோடு போய்விடும். நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை அனுமதி வேண்டாதவை, அனுமதி வேண்டியவை, செய்யவே கூடாதவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. பிசிவி குழாயைத் தொடும் எந்த வேலைக்கும், கேபினுக்குள் ஆயில் கொண்டுவரும் எந்த வேலைக்கும் முன்னதாகவே கேட்டுவிடுங்கள், வாகனச் சோதனை நாளில் கண்டுபிடிக்கப்படுவதைவிட அது மேல்.

எதை மாட்டினாலும் முதல் டிராக் டேயில் மூன்று சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்து லாகைப் பாருங்கள். வீடு திரும்பியதும் ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பை விரித்து, காந்தத்தால் ஒருமுறை தடவுங்கள். காந்தத்தில் ஒட்டாத, செம்பு நிறத்திலோ சாம்பல் வெள்ளையிலோ மினுங்கும் துகள்கள் இருந்தால் பேரிங் பேசத் தொடங்கிவிட்டது. அடுத்த டிராக் டேக்குக் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, சம்ப்பை இறக்கிப் பேரிங்கைப் பார்க்காமல் அந்தக் காரைத் தடத்துக்கு எடுத்துப்போகாதீர்கள்.